வண்டிப்பேட்டையும் மகமையும்: விருதுபட்டி விருதுநகரான வரலாறு

தமிழகத்து ஊர்ப்பெயர்களின் ஈறுகள் அவ்வூர்கள் எழுந்த காரணத்தைப் பல வேளைகளில் சொல்லிவிடுகின்றன. குளம், ஏந்தல், மங்கலம், நல்லூர் என முடிவன நீரையும் நிலத்தையும் கொடையையும் பற்றி எழுந்தவை. சத்திரம், சாவடி, சந்தை, பேட்டை என முடிவன வழிப்போக்கையும் வாணிகத்தையும் பற்றி எழுந்தவை. மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், கௌசிகா ஆற்றங்கரையில் இருந்த விருதுபட்டி என்ற கரிசல் கிராமம், 1923-இல் தன் பெயரின் ஈற்றை மாற்றிக்கொண்டு விருதுநகர் ஆயிற்று. சிற்றூரைக் குறிக்கும் ‘பட்டி’ நீங்கி ‘நகர்’ என்ற சொல் அங்கே வந்து அமர்வதற்கு முன்னால் நூறாண்டுக் காலத்துக்கும் மேலான வணிக வரலாறு ஒன்று நடந்திருந்தது.

வழிகள் கூடும் இடங்கள் நாட்டில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு புளியமரம், ஒரு கிணறு, ஒரு தண்ணீர்ப் பந்தல் என்ற அளவிலேயே நின்றுவிட, மிகச் சிலவே சுற்றுவட்டாரம் முழுமைக்கும் விலை சொல்லும் சந்தைகளாக வளர்ந்துள்ளன. வழிகள் கூடுவதால் மட்டும் ஓர் ஊர் வணிகத் தலமாகிவிடுவதில்லை. கூடும் வழிகளில் வருகின்ற அந்நியன் தன் சரக்கை அச்சமின்றி இறக்கிவைக்கவும், அளவிலும் பேச்சிலும் நம்பிக்கை வைக்கவும் உரிய ஏற்பாட்டை அவ்வூர் செய்துவைத்திருக்கிறதா என்பதே அதன் எதிர்காலத்தை முடிவு செய்கிறது. விருதுநகரின் வரலாறு இவ்வுண்மைக்கு மிகத் தெளிவான சான்று.

நிலமும் வழியும்

விருதுபட்டியின் மண்ணில் பெருவளம் எதுவும் இல்லை. மழையை நம்பிய கரிசல் நிலம் பருத்தியையும் கம்பையும் சோளத்தையும் கொத்தமல்லியையும் தரும்; மழை பொய்த்த ஆண்டில் அதுவும் தராது. ஆற்றிலோ ஆண்டின் பெரும்பகுதி மணலே தெரியும். ஆனால் இந்த ஊரைச் சுற்றிலும், ஒன்றிடம் உள்ளது மற்றொன்றிடம் இல்லாத நிலப்பகுதிகள் அமைந்திருந்தன. தெற்கிலும் கிழக்கிலும் தூத்துக்குடி, இராமநாதபுரம் கடற்கரைகள் உப்பையும் கருவாட்டையும் அளித்தன. அக்கரைக்குச் சற்று உள்ளே இருந்த தேரிக் காடுகள், அதாவது பனை செழிக்கும் செம்மணல் மேடுகள், கருப்பட்டியைத் தந்தன. வடக்கே வைகைப் பாசனமும் தெற்கே தாமிரபரணிப் பாசனமும் நெல்லைத் தர, மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை ஏலத்தையும் மிளகையும் இறக்கியது. உப்பில்லாத மலையும், நெல்லில்லாத கரிசலும், பருத்தி விளையாத கடற்கரையும் ஒன்றையொன்று தேடியாக வேண்டியிருந்தபோது, அவற்றின் நடுவில் கிடந்த வறண்ட நிலமே அவற்றுக்குப் பொதுவான களமாயிற்று.

வழிகளின் அமைப்பும் இதற்கு ஒத்துவந்தது. மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலம், விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி என்று இறங்கும் பெருவழியும், கிழக்கே அருப்புக்கோட்டைக்கும் மேற்கே சிவகாசி, திருவில்லிபுத்தூர்ப் பக்கத்துக்கும் பிரியும் கிளைவழிகளும் இங்கே சந்தித்தன. இவ்வூர்களுக்கிடையே உள்ள தொலைவு இருபது முதல் முப்பது கிலோமீட்டர் வரை இருப்பது கவனத்துக்குரியது. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மணிக்கு மூன்று அல்லது நான்கு கிலோமீட்டர் செல்லும்; அந்த நடையில் மாடு ஒரு நாளில் இழுத்துக் களைக்கும் தொலைவு ஏறத்தாழ இதுவே. மாட்டின் கால் அளந்து வைத்த இந்த இடைவெளியின்படி, நான்கு திசையிலிருந்தும் புறப்பட்ட வண்டிகள் பொழுது சாயும்போது அவிழ்த்துப்போடும் இடமாக விருதுபட்டி அமைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்நிலப்பகுதியில் சரக்குப் போக்குவரத்து பெரும்பாலும் பொதிமாடுகளின் முதுகிலேயே நடந்தது. பாளையக்காரர்கள் தத்தம் எல்லைக்குள் வழிச் சுங்கமும் காவல் வரியும் வாங்கினர். காவல் என்பது ஊரையும் பயிரையும் கால்நடையையும் காப்பதற்காகப் பரம்பரை உரிமையாகப் பெறப்பட்ட கூலி. காவற்கூலி கொடாதவரின் மாடு களவுபோவதும், ‘துப்புக்கூலி’ என்ற பெயரில், காணாமற்போன மாடு இருக்குமிடத்தைச் சொல்வதற்கென்றே ஒரு தொகை பெறப்படுவதும் வழக்கமாக இருந்த காலம் அது. 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டு, 1801-இல் பாளையக்காரர் போர் முற்றாக ஒடுக்கப்பட்டபின், ஆங்கிலக் கும்பினி ஆட்சி பாளையங்களின் படைபலத்தைக் கலைத்தது. பாளையங்கள் ஜமீன்களாக மாறியதும் பல இடங்களில் வழிச் சுங்கங்கள் நீங்கின. ஆனால் களவச்சம் உடனே நீங்கவில்லை. வணிகம் செய்ய வழி திறந்திருந்தது, வழியில் தங்கப் பாதுகாப்பான இடமில்லை என்ற இந்த இடைக்காலத்தில்தான் பேட்டை என்ற அமைப்பு முழு வடிவம் பெற்றது.

பேட்டை

பேட்டை என்ற சொல் பொதுவாகக் கோட்டைக்கோ பேரூருக்கோ புறத்தே அமைந்த கடைவீதிக் குடியிருப்பைக் குறிக்கும். திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளில் அச்சொல் இதனினும் நுட்பமான பொருள் பெற்றது: நாற்புறமும் உயர்ந்த மதில் எழுப்பி, இரவில் அடைக்கத்தக்க வாயில் வைத்து, உள்ளே வண்டிகள் நிற்கவும் சரக்கு இறங்கவும் மாடுகள் இளைப்பாறவும் இடம் விட்டுக் கட்டப்பட்ட பொது வளாகமே அங்கே பேட்டை எனப்பட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்த நாடார் வணிகர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தங்கள் வழிநெடுக இத்தகைய பேட்டைகளை அமைத்து, அவற்றைச் சுற்றியே குடியேறினர். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் இவ்வகையில் முதன்மை பெற்றவை என்று, இச்சமூகத்தின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 1969-இல் நூல் வெளியிட்ட ராபர்ட் ஹார்ட்கிரேவ் குறிப்பிடுகிறார்.

ஒரு பேட்டையின் இயக்கத்தை நெருங்கி நின்று பார்த்தால் அதைச் சுற்றி ஊர் வளரும் விதம் புரியும். மாலையில் வாயிலுக்குள் நுழையும் வண்டிக்காரன் பேட்டைக்கு உரிய கூலியைச் செலுத்துகிறான். நுகத்தடியிலிருந்து மாடுகளை அவிழ்த்துத் தொட்டியில் தண்ணீர் காட்டி, வைக்கோல் வாங்கிப் போடுகிறான். வைக்கோல் விற்பவர் ஒருவர் தேவைப்படுகிறார். கல்லும் முள்ளும் மிதித்து லாடம் தேய்ந்த மாட்டுக்குப் புது லாடம் கட்டவும், கழன்ற இரும்புப் பட்டாவைக் காய்ச்சிச் சக்கரத்தில் ஏற்றவும் கொல்லர் வேண்டும். ஆரக்கால் மாற்றவும் கடையாணி செருகவும் தச்சர் வேண்டும். வைக்கோற்கரியோடு குழைத்து அச்சுக்கு மசியிட எண்ணெய் வேண்டும். வண்டிக்காரனுக்குச் சோறு வேண்டும். சரக்குக்கு மறுநாள் விலை படியவில்லை என்றால் அதை வைத்துவிட்டுப் போகக் கிட்டங்கியும், விற்றுத் தரத் தரகரும், அதுவரை செலவுக்கு முன்பணம் தர வணிகரும் தேவைப்படுகின்றனர். ஓர் இரவுத் தங்கலுக்காகக் கட்டப்பட்ட மதிலைச் சுற்றி இவ்வளவு தொழில்களும் வேர்பிடித்தபின், கடந்துபோகும் சரக்கு அங்கேயே கைமாறத் தொடங்கியது இயல்பான வளர்ச்சியே.

இத்தகைய ஏற்பாடு தமிழக வணிகத்துக்கு முற்றிலும் புதியதன்று. சோழர், பாண்டியர் காலத்தில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுக்கள், தம் சரக்கைக் காத்த வீரர்களைச் சிறப்பித்துப் பெருவழிகளையொட்டிய சில ஊர்களை ‘எறிவீரபட்டினம்’ என்ற பாதுகாப்புப் பெற்ற வணிகத் தலங்களாக அறிவித்தன. தாம் கையாண்ட சரக்கின்மீது ‘பட்டணப்பகுடி’ என்ற தொகையைத் தாமே விதித்துக்கொண்டு கோயிலுக்கு அளித்தன. எந்தெந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று நெடும்பட்டியல் தரும் பிரான்மலைக் கல்வெட்டு இதற்குப் புகழ்பெற்ற சான்று. காவலையும் பொதுநிதியையும் வணிகரே கூட்டாக ஏற்று நடத்தும் முறை, காலமும் சமூகமும் மாறிய பின்னும், அதே தேவை எழுந்த இடத்தில் மீண்டும் எழுந்ததைப் பேட்டைகள் காட்டுகின்றன.

மகமையும் உறவின்முறையும்

பேட்டையின் மதிலைக் கட்டவும் காக்கவும் பணம் வேண்டும்; அப்பணத்தைத் திரட்டிய முறையின் பெயர் மகமை. வணிகர் ஒவ்வொருவரும் தாம் வாங்கும், விற்கும் சரக்கின் மூட்டைக்கு இவ்வளவு என்றோ, மதிப்பில் இவ்வளவு பங்கு என்றோ பொதுநிதிக்குச் செலுத்தும் சிறுதொகையே மகமையாகும். தனி ஒருவருக்கு அத்தொகை சுமையாகத் தோன்றாத அளவு சிறியது. ஆனால் ஆயிரக்கணக்கான மூட்டைகள் கைமாறும் ஊரில் அது ஆண்டு முழுதும் வற்றாத ஊற்றாயிற்று. வணிகம் பெருகினால் நிதியும் பெருகும், நிதி பெருகினால் கிணறும் மதிலும் கோயிலும் பள்ளியும் பெருகும் என்ற கண்ணியால் தனியார் இலாபமும் ஊரின் நலமும் ஒரே கணக்கேட்டில் பிணைக்கப்பட்டன.

இந்நிதியை ஆண்ட அமைப்பு உறவின்முறை. ஓர் ஊரில் வாழும் ஒரு சமூகத்துக் குடும்பங்கள் அனைத்தையும் உறுப்பாகக் கொண்டு, குடும்பத் தலைவர்கள் முறைவைத்துப் பொறுப்பேற்று நடத்திய அவை அது. பொறுப்பேற்றவர்கள் ‘முறைகாரர்’ எனப்பட்டனர். மகமை வாங்குவதும் கணக்குக் காட்டுவதும் மட்டுமன்றி, வணிகர்களுக்கிடையே எழுந்த வழக்குகளைப் பேசித் தீர்ப்பதும், சொன்ன சொல் தவறியவரைக் கண்டிப்பதும் அதன் பணியாக இருந்தன. எழுத்துப் பத்திரமின்றி வாய்ச்சொல்லால் கடன் நடந்த சந்தையில், வாக்கு மீறியவர் கடன்கொடுத்தவரோடு மட்டுமன்றித் தம் உறவு முழுமையோடும் முகம் இழக்க நேர்ந்தது. நீதிமன்றம் ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலையை இந்த அச்சம் முன்கூட்டியே செய்து முடித்தது. தூரத்து ஊர்க்காரர் விருதுபட்டிக் கடைக்குத் துணிந்து சரக்கு அனுப்பியதற்கு இந்த உள்கட்டுப்பாடே பிணையாயிற்று.

பஞ்சும் தண்டவாளமும்

மாட்டுவண்டி வணிகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வேகம் கொண்டது. சென்னை மாகாணத்தின் சாலைகளின் அவல நிலையை 1852-இல் அறிக்கை அளித்த பொதுப்பணி ஆணையம் வெளிப்படுத்தியபின், சாலைகள் படிப்படியாகச் சீர்பெற்றன. பொதிமாடு சுமந்ததைப்போலப் பல மடங்கு பாரத்தை ஒரே இணை மாடு வண்டியில் இழுக்கக் கூடியதாயிற்று. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரினால் இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு கிடைக்காமற்போக, இந்தியப் பஞ்சின் விலை உயர்ந்தது. திருநெல்வேலிச் சீமையின் கரிசற் பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் நோக்கி வண்டி வண்டியாகச் சென்றது. கரிசல் நடுவே அமைந்த விருதுபட்டிக்கு இப்பெருக்கில் பங்கு கிடைத்தது.

1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குத் தென்னிந்திய இரயில்வேயின் பாதை திறக்கப்பட்டது. இருப்புப்பாதை வந்த இடங்களில் பல பழைய வண்டிப்பேட்டைகள் தம் சிறப்பை இழந்தன. ஏனெனில், ஒரு நாள் தொலைவுக்கு ஓரிடம் தங்க வேண்டிய தேவை இரயிலுக்கு இல்லை. விருதுபட்டியோ பாதையின்மேலேயே இருந்ததால், வண்டிகளின் பயணம் குறுகி, நிலையத்தை நோக்கித் திரும்பியது. பாதை தொடாத அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் மேற்கு மலையடிவாரத்திலிருந்தும் வந்த சரக்கு இங்கே இறங்கி இரயிலேறியது. பின்னர் 1927-இல் விருதுநகரிலிருந்து சிவகாசி, இராசபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பாதை பிரிந்தது. 1960-களின் முற்பாதியில் அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரைப் பாதையும் வந்து சேர்ந்தது. மாட்டுவண்டிகள் வகுத்த பழைய நாற்சந்தியின் வடிவமே, ஏறத்தாழ அதே திசைகளில், இரும்பில் மறுபடி வரையப்பட்டது.

மண்டியும் விலையும்

கடந்துபோகும் சரக்கின்மேல் கூலி பெற்ற ஊர், அச்சரக்குக்கு விலை சொல்லும் ஊராக மாறியது அடுத்த கட்டம். கமிஷன் மண்டி என்பது இம்மாற்றத்தின் கருவி: உற்பத்தியாளரோ வெளியூர் வணிகரோ அனுப்பும் சரக்கை ஏற்று, முன்பணம் கொடுத்து, வாங்குவோரைத் தேடி விற்று, தரகு கழித்துக்கொண்டு மீதியைக் கணக்குத் தீர்க்கும் கடை அது. கொத்தமல்லி, மிளகாய் வற்றல், உளுந்து, துவரை, எள், கடலை, ஏலக்காய், காப்பிக்கொட்டை, எண்ணெய் எனச் சரக்கு வகைகள் விரிந்தன.

மண்டியில் தரம் பார்க்கும் முறை எளியதும் கூர்மையானதுமாகும். ஒரு முனை கூராகவும் நடுவில் குழியாகவும் அமைந்த ‘குத்தூசி’ என்ற இரும்புக் கருவியைத் தைத்த மூட்டையின் பக்கவாட்டில் குத்தி இழுத்தால், மூட்டையின் உள்ளிருக்கும் தானியம் ஒரு கைப்பிடி அக்குழி வழியே வந்துவிடும். மேலே நல்ல மணியும் அடியில் சொத்தையும் வைத்துத் தைக்கும் ஏமாற்றுக்கு அந்த ஒரு குத்து முடிவு கட்டியது. அனுபவம் உள்ள வணிகர் உள்ளங்கையில் விழுந்த மல்லியை நசுக்கி மோந்தும், உளுந்தைப் பல்லில் கடித்து ஈரப்பதம் அறிந்தும் விலை சொல்வார். துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பிறர் அறியாமல் விலை பேசும் வழக்கமும் தமிழகச் சந்தைகளில் இருந்தது.

வாங்குவோரும் விற்போரும் ஒரே இடத்தில் திரளும்போது, அங்கே ஒரு நாள் படியும் விலை, சரக்கின் மொத்த வரத்தையும் தேவையையும் பற்றிய செய்தியாகிவிடுகிறது. ஆகவே அவ்விலையை அறிய, அங்கே வராதவர்களும் விரும்பினர். தமிழ் நாளேடுகள் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று பருப்புக்கும் எண்ணெய்க்கும் வற்றலுக்கும் விலைப்பட்டியல் வெளியிடும் வழக்கம் இதன் விளைவே. அப்பட்டியலில் உள்ள பொருள்களில் பல விருதுநகர் மண்ணில் விளையாதவை. விளையாத ஊர் விலை சொல்வது வியப்பாகத் தோன்றினாலும், நம்பத்தக்க சந்திப்பு எங்கே நிகழ்கிறதோ அங்கேதான் விலை பிறக்கும் என்ற வணிக நியதிக்கு அது இயைந்ததே.

பள்ளியும் மைதானமும்

வணிகத்தால் செல்வம் பெற்ற பின்னும் நாடார் சமூகம் கோயில் நுழைவு உட்படப் பல உரிமைகள் மறுக்கப்பட்ட நிலையில் இருந்தது. இவ்வுரிமைகளைக் கோரியதையொட்டி 1899-இல் சிவகாசியில் பெருங்கலவரம் மூண்டது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1908-இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. மறுக்கப்பட்டதைத் தாமே கட்டியெழுப்பிக்கொள்ள மகமை நிதி துணைநின்றது. 1889-இல் விருதுபட்டியில் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை அவற்றுள் தலையாயது. வீடுதோறும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, அதைத் திரட்டி விற்ற பணத்தைப் பள்ளிக்குச் சேர்த்த ‘பிடியரிசி’ முறை, மகமையின் தத்துவத்தைக் கடையிலிருந்து அடுக்களைக்குக் கொண்டுசென்றது. 1903-இல் தேங்காய் வணிகரின் மகனாக இவ்வூரில் பிறந்த காமராசர் படித்தது இப்பள்ளியில்தான். படிப்பை இடையில் நிறுத்தி அவர் அமர்ந்ததும் தாய்மாமனின் துணிக்கடையில்தான். 1947-இல் தொடங்கப்பட்ட செந்திக்குமார நாடார் கல்லூரியும் இதே மரபின் தொடர்ச்சியாகும்.

1915-இல் நகராட்சி அமைந்தது; எட்டு ஆண்டுகளில் பெயரும் மாறியது. ஊர் நடுவே உள்ள தேசபந்து மைதானம் சரக்கு வாங்க வந்தவர்களும் கேட்டுச்செல்லும் அரசியல் மேடையாயிற்று. மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் சூட்டக் கோரிச் சங்கரலிங்கனார் 1956-இல் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த வரலாறும் இவ்வூரோடு பிணைந்ததே. வழிகள் கூடும் இடத்தில் சரக்கு மட்டும் கூடுவதில்லை. செய்தியும் கருத்தும் கூடுகின்றன.

ஏற்பாட்டின் எல்லை

இவ்வளர்ச்சியின் மறுபக்கத்தையும் வரலாறு சொல்லியாக வேண்டும். உறவின்முறை ஒரு சமூகத்தின் அவை. அதன் பாதுகாப்பும் கடனும் முதலில் அச்சமூகத்தினருக்கே கிடைத்தன. மூட்டை சுமந்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், பருப்பைப் புடைத்தும் வற்றலின் காம்பு கிள்ளியும் கூலி பெற்ற பெண்கள் ஆகியோரின் பெயர்கள் மகமைக் கணக்கேடுகளில் ஏறவில்லை. முன்பணம் வாங்கிய உழவர் அதே மண்டியில் விற்க நேர்ந்ததும், தரகு, சாக்கு, எடைக்கூலி எனப் பல கழிவுகளுக்கு உட்பட்டதும் தமிழகச் சந்தைகள் அனைத்துக்கும் பொதுவான குறைகளாக இருந்தன. சென்னை மாகாண வணிகப்பயிர்ச் சந்தைச் சட்டம் 1933-இல் இயற்றப்பட்டதற்கு இக்குறைகளே காரணம்.

1985-இல் இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது விருதுநகர் மாவட்டத் தலைநகராயிற்று. இன்று மதுரைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ஓடும் நால்வழிச் சாலையில் சரக்குந்துகள் மாட்டுக்காகவோ மசிக்காகவோ நிற்க வேண்டியதில்லை. கூட்டுரோடு என்று மக்கள் அழைக்கும் புதிய சந்திப்புகளில் உணவகங்களும் எரிபொருள் நிலையங்களும் எழுந்துள்ளன. அவற்றுள் எது நாளைய சந்தையாகும் என்பதை அங்கே நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை மட்டும் காட்டிவிடாது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘நகரம்’ என்ற சொல் வெறும் பேரூரைக் குறிக்கவில்லை. ஓர் ஊரின் வணிகர்கள் கூடித் தம் காரியங்களைத் தாமே நடத்திக்கொண்ட அவையையும் அது குறித்தது. தமக்குள் வரி விதித்துக்கொண்டு, மதில் எழுப்பி, கிணறு வெட்டி, பள்ளி நடத்திய வணிகர்களின் ஊர், 1923-இல் ‘பட்டி’யைக் களைந்து ‘நகர்’ என்ற ஈற்றைச் சூடியபோது, அச்சொல்லின் பழைய பொருளுக்கும் உரியதாகவே இருந்தது.